கடற்கரை டைம்ஷேரை மறுவிற்பனையில் வாங்கலாமா? – கேள்வி பதில்

விடுமுறைக் குடியிருப்பு ஒன்றில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை வாங்குவதுதான் டைம்ஷேர். கட்டி விற்கும் நிறுவனமான டெவலப்பரிடம் புதிதாக வாங்காமல், ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் வாங்குவது மறுவிற்பனை. இதுபற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஃப்ளோரிடாவில் கடலைப் பார்த்த இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு வாரம், விலை ஒரே ஒரு டாலர் என்று விளம்பரம் பார்த்தேன். பத்திரச் செலவைக்கூட விற்பவரே ஏற்கிறாராம். இது மோசடியா சார்?

மோசடியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் உண்மையான விளம்பரமாகவே இருக்கும். அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

டெவலப்பர் சொல்லும் விலையில் கட்டடத்தின் மதிப்பு ஒரு பங்குதான். வாங்க வைப்பதற்காகத் தரும் இலவசத் தங்கல், பரிசு, விற்பனையாளருக்கான கமிஷன் எல்லாம் அதே விலைக்குள் இருக்கின்றன. கைமாறும்போது அந்தப் பகுதி அப்படியே கரைந்துவிடும். மீதி இருப்பது தங்கும் உரிமையும் அதோடு ஒட்டிவரும் பராமரிப்புக் கட்டணமும்தான். தங்கினாலும் தங்காவிட்டாலும் அந்தக் கட்டணத்தை ஆண்டுதோறும் கட்டியாக வேண்டும். பத்திரப்படி வரும் டைம்ஷேர்களில் பலவற்றுக்கு முடிவுத் தேதியே கிடையாது. அந்தக் கடமையிலிருந்து விடுபடத்தான் விற்பவர் ஒரு டாலருக்குத் தருகிறார்.

ஆகவே ‘இந்த ஆண்டுக் கட்டணத்தை வருடா வருடம் மனதார நான் கட்டுவேனா, வேண்டாம் என்றால் எப்படி வெளியே வருவேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசினால் போதும்.

கேள்வி: கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா? எனக்கு ஹோட்டலைவிட மலிவாகத்தான் தெரிகிறது.

போடலாம். வாங்கும் விலை 3,000, பெயர் மாற்றச் செலவு 500, ஆண்டுப் பராமரிப்பு 1,200, தங்கல் ஏழு இரவு என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும்.

முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு 171 வருகிறது. விளம்பரத்தில் உங்களுக்குக் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், பத்தாம் ஆண்டில் அது 1,860-ஐத் தாண்டிவிடும். பத்தாண்டுக் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 15,100. முதலில் போட்ட 3,500-ஐயும் சேர்த்தால் 18,600. பத்தாண்டும் தவறாமல் போனால் எழுபது இரவு, அதாவது ஓர் இரவுக்குச் சுமார் 266.

இப்போது வாழ்க்கையையும் கணக்கில் சேருங்கள். ஒரு வருடம் உடல்நலம் சரியில்லை, ஒரு வருடம் பிள்ளைக்குத் தேர்வு, ஒரு வருடம் வேலை மாற்றம். மூன்று ஆண்டு போகமுடியாமல் போனால் 49 இரவுதான் மிஞ்சும். இரவுக்கு 380-ஐத் தொடுகிறது. அந்த வாரங்களை வாடகைக்கு விட்டு ஓரளவு மீட்கலாம், ஆனால் அதற்கும் ஆள் தேட வேண்டும். விமானக் கட்டணம் இதில் சேரவில்லை. முடிவில் கைக்கு ஏதாவது திரும்ப வரும் என்றும் நான் கணக்கில் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள்.

உங்கள் எண்களைப் போட்டும் ஹோட்டலைவிடக் குறைவாக வந்தால், நல்லது. பெரிய குடும்பத்துக்குச் சமையலறையோடு இரண்டு அறை வேண்டும் என்றால் உண்மையிலேயே குறைவாக வரக்கூடும். ஆனால் ஒப்பிட வேண்டியது ஹோட்டலோடு மட்டுமல்ல. அதே ரிசார்ட்டில் இன்னொரு உரிமையாளர் தன் வாரத்தை என்ன வாடகைக்கு விடுகிறார் என்று பாருங்கள். பல இடங்களில், முக்கியமாகக் கூட்டம் குறைந்த மாதங்களில், அது பராமரிப்புக் கட்டணத்தை ஒட்டியே இருக்கும், சில சமயம் அதற்கும் கீழே. அப்படி இருந்தால் வாங்குவதற்குக் காரணமே இல்லை.

கேள்வி: செப்டம்பர் மாத வாரம் மிக மலிவாகக் கிடைக்கிறது. டிசம்பர் கடைசி வாரம் பல மடங்கு விலை. மலிவானதை எடுக்கலாம்தானே?

வாங்கும் விலைதான் மலிவு. ஒரே அளவு வீடு என்றால், பெரும்பாலான ரிசார்ட்டுகளில் செப்டம்பர் வாரத்துக்கும் டிசம்பர் வாரத்துக்கும் பராமரிப்புக் கட்டணம் ஒன்றுதான். கடற்கரை வாரங்களில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அட்லாண்டிக் கரையில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. அந்த வாரத்துக்கு ஏன் ஆளில்லை என்று இப்போது புரியும்.

டிசம்பர் கடைசி வாரத்தை, அதாவது 52-ஆம் வாரத்தை, கூடுதல் விலை கொடுத்து வாங்கியவருக்குக் கட்டணம் அதேதான். ஆனால் தான் போகாத ஆண்டில் அதை வாடகைக்கு விட முடியும், விற்கவும் எளிது. எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கேள்வி: பிள்ளைகளின் ஈஸ்டர் விடுமுறைக்காக 15-ஆம் வாரம் நிலையான வாரமாக வாங்க நினைக்கிறோம். சரியா அண்ணா?

வேண்டாம். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் வரும். உங்கள் 15-ஆம் வாரம் அசையாது. சில ஆண்டு பொருந்தும், பல ஆண்டு பொருந்தாது. பள்ளி விடுமுறை உங்களுக்கு முக்கியம் என்றால் பருவத்துக்குள் தேதியை மாற்றிக்கொள்ளும் மிதக்கும் வாரம் பாருங்கள். அதில் விடுமுறை நாட்களுக்குப் போட்டி கடுமை. முன்பதிவு திறக்கும் நாளிலேயே உட்கார்ந்து பதிவு செய்பவராக நீங்கள் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏதோ ஒரு மலிவான கடற்கரை வாரத்தை வாங்கி, அதைப் பரிமாற்ற நிறுவனத்தில் போட்டு உலகம் சுற்றலாம் என்கிறார்களே?

உங்கள் வாரத்தை எடுத்துக்கொண்டு வேறோர் இடத்தில் இன்னொருவரின் வாரத்தைத் தருவதுதான் பரிமாற்ற நிறுவனத்தின் வேலை. அவற்றில் ஆர்சிஐ 1974-லும் இன்டர்வல் இன்டர்நேஷனல் 1976-லும் தொடங்கின. இரண்டும் இன்றும் நடக்கின்றன, பரிமாற்றமும் உண்மையில் நடக்கிறது. ஆனால் நீங்கள் போடும் வாரத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். யாரும் விரும்பாத வாரத்தைக் கொடுத்துப் பள்ளி விடுமுறையில் ஹவாய் கேட்டால் கிடைக்காது. அதோடு ஆண்டு உறுப்பினர் கட்டணம், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனிக் கட்டணம் என்று வந்துகொண்டே இருக்கும்.

பரிமாற்றமே நடக்காவிட்டாலும் நீங்களே விரும்பிப் போகும் இடத்தை மட்டும் வாங்குங்கள். பரிமாற்றம் அமைந்தால் கூடுதல் லாபம்.

கேள்வி: பெரிய நிறுவனங்களின் புள்ளித் திட்டம் பாதுகாப்பானதா? மறுவிற்பனையில் வாங்கினாலும் எல்லாச் சலுகையும் வருமா?

குறிப்பிட்ட வாரத்துக்குப் பதில் ஆண்டுதோறும் புள்ளிகள் தந்து, அவற்றைக் கொண்டு தங்கலைப் பதிவு செய்ய வைப்பதுதான் புள்ளித் திட்டம். எல்லாச் சலுகையும் வராது, எது வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்டம் நிறுவனத்தில் மறுவிற்பனையில் வாங்கிய புள்ளிகள், கூடுதல் சலுகை தரும் விஐபி தகுதிக்குக் கணக்கில் சேராது. டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப் 2019 ஜனவரி 19 முதல் விதியை மாற்றியது. அதற்குப் பிறகு பழைய ரிசார்ட்டுகளின் புள்ளிகளை மறுவிற்பனையில் வாங்குபவர் ரிவியேரா போன்ற புதிய ரிசார்ட்டுகளில் அவற்றைப் பயன்படுத்த முடியாது. முடிவுத் தேதியும் பார்க்க வேண்டும். டிஸ்னியின் கடற்கரை ரிசார்ட்டுகளில் வீரோ பீச்சும் ஹில்டன் ஹெட்டும் 2042-இல் முடிகின்றன, ஹவாயில் உள்ள ஆலானி 2062-இல். முடிவுத் தேதி இருப்பதைக் குறை என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் அது ஒரு நிம்மதி.

இன்னொன்று. சில நிறுவனங்களுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. நீங்கள் பேசி முடித்த விலைக்கே நிறுவனம் தானே எடுத்துக்கொள்ளலாம். அப்படி நடந்தால் மனம் தளர வேண்டாம், முன்பணம் திரும்பி வரும் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிறுவனம் போட்டி போட்டு எடுக்கிறது என்றால் அந்தப் பொருளுக்கு மதிப்பு இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: ரிசார்ட் பழையது, முப்பது வருடத்துக்கும் மேல். ஆனால் படங்களில் பளிச்சென்று இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

படத்தை ஒதுக்கிவிட்டு உரிமையாளர் சங்கத்தின் காகிதங்களைக் கேளுங்கள். நடப்பு வரவு செலவு, கடந்த சில ஆண்டுக் கட்டணப் பட்டியல், கடைசிக் கூட்டங்களின் குறிப்புகள். இவற்றைத் தர விற்பவர் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முதலில் சேமநிதி. கூரை, லிஃப்ட், பால்கனிக் கம்பி, நீச்சல்குளம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கி கான்கிரீட்டைப் பிளக்கும். 2021 ஜூன் 24 அன்று ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் இடிந்து 98 பேரைப் பலிகொண்டது டைம்ஷேர் இல்லை, குடியிருப்புக் கட்டடம்தான். இருந்தாலும் கடலோரப் பழைய கட்டடத்தைப் பற்றி அது சொன்ன செய்தி எல்லாருக்கும் பொருந்தும். பழுது பார்க்கப் பணம் ஒதுக்காமல் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்கும் ரிசார்ட்டைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும்.

அடுத்து, கட்டணம் கட்டாதவர்கள் எத்தனை சதவீதம் என்பது. அவர்கள் கட்டாத பங்கு, கட்டுபவர்கள் தலையில்தான் ஏறும்.

மூன்றாவது, கூட்டக் குறிப்புகளில் சிறப்பு வசூல் என்ற பேச்சு வருகிறதா என்று தேடுங்கள். புயலுக்குப் பின் காப்பீட்டில், உரிமையாளர் தரப்பே ஏற்க வேண்டிய விலக்குத் தொகை போக மீதிதான் வரும். குறைகிற பணத்தை உரிமையாளர்கள் பகிர வேண்டும். 2022 செப்டம்பரில் இயன் சூறாவளி ஃபோர்ட் மயர்ஸ் பீச்சையும் சானிபெல் தீவையும் புரட்டிப்போட்டது. அப்படிப்பட்ட ஒரு கரையில் வாங்குகிறீர்கள் என்றால், கட்டடம் மூடிக்கிடக்கும் காலத்திலும் கட்டணம் கேட்பார்களா என்று விதிகளில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: எல்லாம் பிடித்துவிட்டது. பணம் கொடுக்கும் முன் கடைசியாக எதைச் சரிபார்க்க?

ரிசார்ட்டிடமிருந்து நேரடியாக வரும் எஸ்டாப்பல் சான்று, அதாவது அந்த வாரம் யார் பெயரில், என்ன பாக்கியோடு இருக்கிறது என்று ரிசார்ட்டே எழுதித் தரும் காகிதம். ஓரிரண்டு பக்கம்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு வரியும் முக்கியம். உரிமையாளர் பெயர் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கிறதா? கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்து ஒருவர் மட்டும் விற்க வந்தால் செல்லாது. வீட்டு எண், வார எண் சரியா? ஆண்டுதோறுமா, ஓராண்டு விட்டு ஓராண்டா? ஓராண்டு விட்டு என்றால் ஒற்றைப்படை ஆண்டா, இரட்டைப்படை ஆண்டா? பாக்கி எவ்வளவு, கடன் நிலுவை உண்டா? இந்த ஆண்டு வாரத்தை விற்பவர் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டாரா, அல்லது பரிமாற்றத்தில் போட்டுவிட்டாரா? பயன்படுத்திவிட்டார் என்றால் இந்த ஆண்டுக் கட்டணத்தை நீங்கள் கொடுக்கத் தேவையில்லை. இதைப் பேசித் தீர்க்காமல் விடுபவர்கள் அதிகம்.

பணத்தை விற்பவர் கையில் கொடுக்காதீர்கள், வேலை முடியும்வரை மூன்றாவது தரப்பு பணத்தை வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் போடுங்கள். பத்திரம் பதிவாகி, ரிசார்ட்டின் ஏட்டிலும் உங்கள் பெயர் ஏறினால்தான் வேலை முடிந்தது. முதலாவது மட்டும் நடந்து இரண்டாவது நிற்கிற கதை நிறைய உண்டு.

கேள்வி: மெக்சிகோ, ஸ்பெயின் போன்ற இடங்களில்?

மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நிலத்தை நேரடியாகச் சொந்தமாக்க முடியாது. அங்கே பெரும்பாலும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான பயன்பாட்டு உரிமைதான் கிடைக்கும். எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். ஸ்பெயினில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் காலத்தை 50 ஆண்டுக்குள் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வணிகரிடம் வாங்கினால் 14 நாளுக்குள் பின்வாங்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. வாங்க ஆள் தயார், வரியை மட்டும் முன்கூட்டியே கட்டுங்கள் என்று ஃபோன் வருகிறது.

ஒரு காசு அனுப்பாதீர்கள், தயவுசெய்து. 2019 முதல் 2023 வரை மெக்சிகோவை மையமாகக் கொண்ட இப்படிப்பட்ட மோசடிகளில் சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறக்குறைய 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க அரசு 2024-இல் எச்சரித்தது. பின்னால் போதைப்பொருள் கும்பல்கள் இருந்தன. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் இன்றே வங்கியிடமும் காவல்துறையிடமும் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம்’ என்று வரும், அதுவும் அவர்களேதான்.

கேள்வி: எங்களுக்கு வயதாகிறது. பிள்ளைகள் பெயரையும் பத்திரத்தில் சேர்த்துவிடலாமா தம்பி?

சேர்க்காதீர்கள் அம்மா. பெயர் ஏறிய நாளிலிருந்து கட்டணத்துக்கு அவர்களும் பொறுப்பு. வாரிசாக வரும்போது வேண்டாம் என்று மறுக்கப் பல இடங்களில் சட்டம் இடம் தருகிறது. பத்திரத்தில் பெயர் இருந்தால் அந்த வழி அடைபடும். முதலில் அவர்களிடம் விரும்புகிறார்களா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், ரிசார்ட் திரும்ப எடுத்துக்கொள்ளும் திட்டம் வைத்திருக்கிறதா என்று உங்கள் கையிலிருக்கும்போதே விசாரியுங்கள்.

கேள்வி: நாங்கள் பல வருடமாக ஒரே ரிசார்ட்டில், ஒரே வாரத்தில் வாடகைக்குத் தங்குகிறோம். அங்கே ஒரு வாரம் விற்பனைக்கு வந்திருக்கிறது. கட்டணம் நாங்கள் கொடுக்கும் வாடகையில் பாதிதான்.

வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் ‘வாங்குங்கள்’ என்று சொல்லும் பதில் இது ஒன்றுதான். வாரம் உங்களுக்குத் தெரியும், கட்டடம் தெரியும், போவீர்கள் என்பதும் தெரியும். எஸ்டாப்பல் சான்றும் சங்கத்தின் வரவு செலவும் கைக்கு வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். எந்த வீடு என்பதையும் கேளுங்கள். ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் கடல் தெரியும், மறுபக்கம் கார் நிறுத்துமிடம் தெரியும்.