அண்ணாவை அறையில் பூட்ட வேண்டாம், தங்கச்சி

தினமும் சாராயம் குடிக்கும் அண்ணாவுக்குக் காலையில் கை நடுங்குகிறது, கோணேசர் கோயிலில் சத்தியம் வாங்கிவிட்டு நாளையிலிருந்து அறையில் பூட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சத்தியம் வாங்குங்கள், பூட்டாதீர்கள்.

குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் சிலருக்குப் புத்தி தடுமாறும், காய்ச்சல், வியர்வை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் அப்படித்தான் வெறுஞ்சுவரில் வலைச் சிக்குப் பிரித்துக்கொண்டே இருந்தார். பேய் என்று நூல் கட்டினார்கள். விடியுமுன் ஆள் போய்விட்டார், நாற்பதுகூட ஆகவில்லை.

நாளைக்கே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எவ்வளவு குடிக்கிறார், கசிப்பு என்கிற கள்ளச் சாராயமும் உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள் (மானம் பார்க்கிற இடம் அதுவல்ல). நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 விற்றமினும் போடுவார்கள். டொக்டர் பார்க்கும்வரை குடியை நீங்களாக வெட்ட வேண்டாம். இரவில் வலிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸ், காசு கேட்கமாட்டார்கள். பேசிக் கேட்க வேண்டுமென்றால் 1926, மனநல உதவி எண். அண்ணியிடமும் அதைக் கொடுத்து வையுங்கள்.