அப்பா அம்மாவுக்கு மதுரையில் கார் தேவையில்லை

அப்பாவுக்கு 72 வயசு, அம்மாவுக்கு முழங்கால் வலி, மூணு நாள், கார் இல்லாம முடியுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா முடியும். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல வந்தா விடியற்காலையில இறங்கலாம். ரூமை ஸ்டேஷன் பக்கமா, மேற்கு மாசி வீதிக்குள்ள போடுங்க. கோயில் கூப்பிடு தூரம்தான். லிஃப்ட் இருக்கான்னு போன்ல கேட்டுட்டே புக் பண்ணுங்க.

மீனாட்சி கோயில் மதியம் நடை சாத்திடும், திறக்க நாலு மணியாகும். காலையில போறதுதான் நல்லது. வெயில் ஏறிட்டா வெறுங்காலோட கோயிலுக்குள்ள இருக்கற ஆடி வீதிக் கல்லுல நிக்க முடியாது. எங்கம்மா பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காந்தவங்க ஒரு மணி நேரம் எழுந்திரிக்கவே இல்ல! செல்போனை ரூம்லயே வச்சிடுங்க, உள்ள விடமாட்டாங்க. முடிஞ்சா ராத்திரி பள்ளியறை பூஜைக்கும் போகட்டும். சொக்கரைப் பல்லக்குல அம்மன்கிட்ட தூக்கிட்டுப் போவாங்க.

நாயக்கர் மகால், காந்தி மியூசியம் ரெண்டுக்கும் ஆட்டோ போதும், ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க. தெப்பக்குளத்துக்கு சாயங்காலம் போகலாம். அழகர்கோயில் 20 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸே இருக்கு. திருப்பரங்குன்றத்துல சன்னதி வரைக்கும் படி ஏறணும், அம்மா முழங்காலை நினைச்சு முடிவு பண்ணுங்க.