வாசகர் கேள்விகள்: பாதிக் குறியை நம்பிய ராஜா

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ எங்களுக்குப் பாடம். சூனியக்காரிகள் குறி சொல்லாமல் இருந்திருந்தால் மேக்பெத் அரசனைக் கொன்றிருப்பானா, மாட்டானா? பரீட்சையில் எந்தப் பக்கம் எழுதுவது?
*– பி.ஏ. மாணவி, திருநெல்வேலி*

பதில்: நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்திலும் வினாத்தாளில் இதுதான் வரும். நோட்ஸ் புத்தகம் ‘விதியும் உண்டு, மதியும் உண்டு’ என்று இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடும். பரீட்சை கிடக்கட்டும் அம்மா, காட்சிகள் வரும் வரிசையைப் பாருங்கள்.

முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், துரோகியான காடர் பிரபுவின் பட்டத்தைத் தளபதி மேக்பெத்துக்குக் கொடுக்கச் சொல்லி ஸ்காட்லாந்து அரசன் டங்கன் உத்தரவு போட்டுவிடுகிறார். ‘காடர் பிரபுவே வாழ்க’ என்று சூனியக்காரிகள் சொல்வது மூன்றாம் காட்சியில். நாடகம் பார்ப்பவர்களுக்கு அது பழைய செய்தி. மேக்பெத்துக்கு மட்டும்தான் குறி. கிளாமிஸ் பிரபு என்றும் வாழ்த்துகிறார்கள், அந்தப் பட்டமோ முன்பே அவனிடம் இருப்பது. ஆக அவர்கள் சொன்ன மூன்றில் ஒன்று கையில் இருந்தது, ஒன்று வழியில் வந்துகொண்டிருந்த தபால். ‘இனி நீ ராஜா’ என்பது ஒன்றுதான் நிஜமான குறி. தபால் வந்து சேர்ந்ததும் அதுவும் வந்துவிடும் என்று நம்பிவிடுகிறான். சின்ன விஷயத்தில் உண்மை சொல்லி, பெரிய விஷயத்தில் நம்மைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று பக்கத்தில் நிற்கும் சக தளபதி பாங்கோ எச்சரிப்பது அவன் காதில் ஏறவே இல்லை.

கொலை செய் என்று அந்த மூன்று பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘நான் ராஜாவாக வேண்டும் என்று இருந்தால், நான் அசையாமலே கிரீடம் வரட்டும்’ என்று அவனேதான் சொல்லிக்கொள்கிறான். அந்த நிதானம் அடுத்த காட்சியைக்கூடத் தாண்டவில்லை. டங்கன் தன் மூத்த மகன் மால்கமை வாரிசாக அறிவித்த உடனே போய்விடுகிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதே வாய்கள் அதே இடத்தில் பாங்கோவுக்கும் ஒன்று சொல்கின்றன: நீ ராஜா ஆகமாட்டாய், உன் வம்சம் ஆகும். மேக்பெத் தனக்குச் சொன்னதை வேதமாக எடுத்துக்கொள்கிறான். பாங்கோவுக்குச் சொன்னதைப் பொய்யாக்க ஆள் அனுப்புகிறான். குறி பலிக்கும் என்றால் பாங்கோவைக் கொன்று பயனில்லை. பலிக்காது என்றால் டங்கனை எதற்குக் கொன்றான்? கொல்லப் போனவர்கள் பாங்கோவை முடித்துவிடுகிறார்கள். மகன் ஃப்ளீன்ஸ் தப்பிவிடுகிறான். பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் ஆபத்தில்லை என்று குறி கேட்ட பிறகும் இதே கதைதான். ‘அப்படியானால் மேக்டஃப் பிழைத்துப் போகட்டும்’ என்று ஃபைஃப் பிரபுவைப் பற்றி ஆரம்பிக்கிறான். அதே மூச்சில், எதற்கும் அவனையும் தீர்த்துவிடுவோம் என்கிறான். மேக்டஃப் இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததும் ஃபைஃப் கோட்டைக்கு ஆள் அனுப்பி அவன் மனைவியையும் குழந்தைகளையும் கொல்ல வைக்கிறான். இதற்கு எந்தக் குறியும் சொல்லவில்லை. பரீட்சையில் இதை எழுதுங்கள். மதிப்பெண் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: நம் இலக்கியத்தில் இப்படி அரியணைக் குறி கேட்ட ஆள் உண்டா?
*– வாசகர், கரூர்*

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையே இருக்கிறதே! சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன், அரசாளும் இலக்கணம் மூத்தவன் செங்குட்டுவனிடம் இல்லை, இளையவனிடம் இருக்கிறது என்று சொல்லிவிட, அந்த இளவல் இளங்கோ துறவு பூண்டு போய்விட்டார் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. குறியைப் பொய்யாக்க இளங்கோவும் முயன்றார், மேக்பெத்தும் முயன்றான். அவர் பொய்யாக்கியது தனக்குச் சாதகமான குறியை.

கேள்வி: மேக்பெத்தைக் கொடுங்கோலன் என்கிறார்கள். ஆனால் வரி, சிறை, பஞ்சம் எதுவும் மேடையில் இல்லையே?
*– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்*

பதில்: மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள் ஐயா. மூன்றாம் அங்கத்தின் கடைசியில் லெனாக்ஸ் பிரபு இன்னொரு பிரபுவிடம் பேசுவதைப் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். அவர் சொல்வது இதுதான்: டங்கனுக்காக மேக்பெத் இரக்கப்பட்டார், ஆனால் அதற்குள் அவர் செத்துப்போயிருந்தார். பாங்கோ ராத்திரி நேரங்கழித்து நடந்தார். வேண்டுமானால் ஃப்ளீன்ஸ்தான் கொன்றான் என்று சொல்லிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவன்தானே ஓடிப்போனவன். அகால வேளையில் யாரும் நடக்கக் கூடாது, பாருங்கள்! ஒரு சொல்கூட ராஜ நிந்தனை இல்லை, மொத்தமும் ராஜ நிந்தனை. எதிரில் நிற்பவன் யார் ஆள் என்று தெரியாத இடத்தில் இப்படித்தான் பேச முடியும். பிரபுக்களின் வீட்டில் எல்லாம் தன் சம்பளத்தில் ஒரு வேலைக்காரன் இருப்பதாக மேக்பெத்தே முன்பு சொல்லியிருக்கிறான்.

இந்த சந்தேகம் இங்கிலாந்து வரைக்கும் போகிறது. உதவி கேட்டு வந்த மேக்டஃபை மால்கம் நம்பவில்லை. ஏற்கெனவே மேக்பெத்தின் ஆட்கள் வந்து வலை விரித்துப் பார்த்தவர்கள். அதனால் சோதிக்கிறான். நான் பெரிய காமுகன் என்கிறான். பரவாயில்லை, ரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மேக்டஃப். பேராசைக்காரன் என்கிறான், ஸ்காட்லாந்தில் சொத்து நிறைய இருக்கிறது, தாங்கும் என்கிறார். நீதி, வாய்மை, இரக்கம், பொறுமை ஒன்றுமே என்னிடம் கிடையாது என்ற பிறகுதான், நீ ஆளவா, வாழவே தகுதியில்லாதவன் என்று வெடிக்கிறார். அந்த நல்ல மனிதர் அதுவரை எவ்வளவு விழுங்கத் தயாராக இருந்தார் என்று பாருங்கள். மேக்பெத் ஆட்சியின் லட்சணம் அதில் தெரிகிறது. மேடையில் இந்தக் காட்சியைச் சுருக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

கேள்வி: மேக்பெத் நிஜ ராஜாவா?
*– வாசகி, திருச்சி*

பதில்: ஆமாம். 1040 முதல் 1057 வரை ஆண்டவர். டங்கனைத் தூக்கத்தில் குத்தவில்லை. அந்த டங்கன் எல்கின் அருகே சண்டையில் செத்தார், கிழவரும் இல்லை. மேக்பெத் 1050இல் ரோமுக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குக் காசை வாரி இறைத்தாராம். உள்நாட்டில் நிம்மதி இல்லாதவன் அவ்வளவு தூரம் போயிருக்க முடியுமா?

ஷேக்ஸ்பியர் கதை எடுத்தது ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்து. அதில் பாங்கோவும் டங்கன் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அந்தக் கறை இல்லை, காரணம் அரசியல். 1603இல் இங்கிலாந்து அரியணை ஏறிய ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ், பாங்கோ வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். 1597இல் சூனியம் பற்றிப் புத்தகமும் போட்டவர். நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டது. நாட்டை ஆளும் ராஜாவின் மூதாதையை மேடையில் கொலைகாரனாக நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? இதில் வேடிக்கை, பாங்கோ என்று ஒருவர் வாழ்ந்ததற்குச் சான்றே இல்லை. 1527இல் வெளிவந்த ஹெக்டர் போயிஸின் ஸ்காட்லாந்து வரலாற்றில்தான் அவர் முதலில் தலைகாட்டுகிறார்.