மாமனார் வீட்டில் குடியிருப்பவர் மணவாழ்வை எப்படி நிரூபிப்பது?

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரன். டர்பன் சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த, தென்னாப்பிரிக்கக் குடியுரிமை உள்ள பெண்ணை நான்கு வருடங்களுக்கு முன் கோயிலில் வைத்து மணந்தேன். மாமனார் வீட்டில்தான் இருக்கிறோம். துணைவர் விசா நீட்டிப்புக்குக் காலத்தோடு விண்ணப்பித்தும், ‘சேர்ந்து வாழ்வதற்கும் செலவைப் பகிர்வதற்கும் ஆதாரம் போதவில்லை’ என்று மறுத்துவிட்டார்கள். பழைய விசா போன மாதமே முடிந்தது. பேசாமல் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) போட்டுவிடு என்கிறார் மச்சான். என்ன செய்வது?

பதில்: மச்சான் சொல்வது இப்போதைக்கு ஆகாது. 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 26(பி) பிரிவு, ஐந்து ஆண்டுகள் துணைவராக இருந்தவருக்குத்தான் நிரந்தர வசிப்புரிமை தருகிறது. விசா வாங்கிய நாள் இங்கே கணக்கில் வராது, மணமான நாள்தான் கணக்கு. உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. அப்போதும் பி.ஆர். விண்ணப்ப ரசீதைக் காட்டி நாட்டில் தங்க முடியாது. தற்காலிக விசா தனியாக நடப்பில் இருக்க வேண்டும்.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் 8ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்ய வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள் இதில் சேராது. கடிதம் வாங்கிய தேதிக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் ‘காலம் கடந்துவிட்டது’ என்ற பேச்சு வந்தால் அதுதான் கைகொடுக்கும். முதல் மேல்முறையீடு வழக்கமாக உள்துறையின் தலைமை இயக்குநருக்கு. அவரும் மறுத்தால் இன்னொரு 10 வேலை நாட்களுக்குள் அமைச்சருக்கு. யாருக்கு அனுப்புவது என்பது கடிதத்திலேயே இருக்கும்.

விசா நடப்பில் இருந்திருந்தால், குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே சுருக்கமான வழி என்று சொல்லியிருப்போம். முடிந்துபோனதால், புதிய விண்ணப்பத்துக்கு முன் ‘படிவம் 20’ அனுமதி, அதாவது விசா முடிந்தவர் விண்ணப்பம் முடியும்வரை நாட்டில் தங்குவதற்கான அனுமதி, வாங்க வேண்டும். தாமதம் உங்கள் கையை மீறியது என்று எழுத்தில் காட்டினால்தான் அது கிடைக்கும். விசா முடியும் முன்பே விண்ணப்பித்ததற்கான ரசீது அதற்கு நல்ல சான்று. எனவே முதலில் மேல்முறையீடு, இந்த வழி கைவசம் இருக்கட்டும்.

இனி ஆதாரத்துக்கு வருவோம். கூட்டுக்குடும்பத்தில் மின்சாரம், தண்ணீர், வீட்டு வரி எல்லாம் மாமனார் பெயரில்தான் வரும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அந்த வீட்டில் நீங்கள் இருப்பதே தெரியாது. மறுப்பின் வேர் பெரும்பாலும் இதுதான். மாமனாரிடம் ஒரு அஃபிடவிட் வாங்குங்கள்: இன்ன தேதியிலிருந்து மகளும் மருமகனும் என் வீட்டில், இந்த அறையில் வசிக்கிறார்கள், மாதம் இவ்வளவு தருகிறார்கள் என்று. போலீஸ் நிலையத்திலேயே இலவசமாக உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடலாம். அவருடைய ஐ.டி. நகலையும் நகராட்சி பில்லையும் இணையுங்கள். இருவர் பெயருக்கும் அதே முகவரிக்கு வந்த வங்கி, செல்போன், வருமான வரிக் கடிதங்களைத் தேடி எடுங்கள். ‘வீட்டுச் செலவு’ என்று குறிப்பிட்டு மனைவி கணக்குக்கு மாதாமாதம் அனுப்பிய பணம் வங்கி அறிக்கையில் தெரிந்தால் பலம் கூடும். ரொக்கமாகக் கொடுத்ததற்குத் தடயம் கிடையாது. மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில்) ஒருவர் மற்றவரைச் சார்ந்தவராகப் பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றையும் வையுங்கள். கல்யாண ஆல்பம் முழுவதும் வேண்டாம், வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த நாலைந்து படங்கள் போதும்.

மறுப்பில் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் நேரே பதிலும் ஆவண எண்ணும் எழுதுங்கள். ‘கருணை காட்டுங்கள்’ என்று நாலு பக்கம் எழுதுவதால் பயனில்லை.

திருமணப் பதிவையும் சரிபாருங்கள். தாலி கட்டியதோடு பதிவு ஆகிவிடாது. நடத்தி வைத்த குருக்கள் 1961 திருமணச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அதிகாரியாக இருக்க வேண்டும். மனைவியின் செல்போனிலிருந்து எம் என்ற ஆங்கில எழுத்தையும் அவரது ஐ.டி. எண்ணையும் 32551க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் உள்துறைப் பதிவில் அவர் மணமானவரா என்று பதில் வரும். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாகவோ அப்பா பெயராகவோ இருக்கும், திருமணச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும். இரண்டும் ஒருவரே என்று தனி அஃபிடவிட் வையுங்கள்.

முடிவு வரும்வரை ஊருக்குக் கிளம்பாதீர்கள். விசா முடிந்த நிலையில் வெளியேறினால், மேல்முறையீட்டு ரசீது கையில் இருந்தாலும் விமான நிலையத்தில் ‘விரும்பத்தகாதவர்’ என்று அறிவிக்கும் ஆபத்து உண்டு. 30 நாள் வரை கூடுதலாகத் தங்கியிருந்தால் மீண்டும் நாட்டுக்குள் வர 12 மாதத் தடை, அதைத் தாண்டினால் 5 ஆண்டு. அந்தத் தடையை எதிர்க்கவும் 10 வேலை நாட்கள்தான். செல்லுபடியாகும் விசா இல்லாமல் வேலையில் தொடர்வதும் உங்களோடு முதலாளியையும் சிக்கலில் மாட்டும்.

‘உள்ளே ஆள் இருக்கு’ என்று பணம் கேட்கும் ஏஜென்ட் பக்கம் போகாதீர்கள். வழக்கறிஞர் வைப்பதானால், வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் லீகல் பிராக்டீஸ் கவுன்சிலில் பதிவு உள்ளதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் பேசுங்கள். அமைச்சரும் மறுத்தால் உயர்நீதிமன்றம் போகலாம். அதற்கு அதிகபட்சம் 180 நாட்கள், நியாயமற்ற தாமதம் இல்லாமல். மேல்முறையீடு மாதக்கணக்கில் பதிலே இல்லாமல் கிடந்தால், முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு கேட்கவும் அதே நீதிமன்றத்தை அணுகலாம்.