சிறிய நீர்வண்ணப் படங்களுக்குத் தனிச் சுவர் கேளுங்கள்

வணக்கம். குழுக் கண்காட்சியில் நண்பரின் ஆறடி எண்ணெய் வண்ண ஓவியங்களுக்குப் பக்கத்தில் உங்கள் சிறிய நீர்வண்ணப் படங்கள் எடுபடாமல் போகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. கலந்து மாட்டச் சம்மதிக்காதீர்கள்; குறுகலாக இருந்தாலும் தனிச் சுவரை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். படங்களை நெருக்கமாக, ஒரே தொகுப்பாக மாட்டுங்கள். தொகுப்பின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், பல காட்சியகங்கள் பின்பற்றும் அளவு அது.

முக்கியமாக, கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரக்காற்றில் தாள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். இடையில் மவுண்ட் அட்டை, அதாவது படம் தெரிய நடுவில் வெட்டிய தடித்த அட்டை, வைக்கச் சொல்லுங்கள். பிரேம் கடைக்காரர் அது தேவையில்லை என்று சொன்னாலும் விடாதீர்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம், கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும். சிறிய படங்களை நெருங்கி நின்றுதான் பார்ப்பார்கள். எதிரே மேசை நாற்காலி போட விடாதீர்கள்.