மரம் வெள்ளையாகத் தெரிகிற படம் எடுக்கும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன், மகள் எடுத்த படங்களையும் பார்த்தேன். பிளஸ் ஒன் படிக்கிற பெண் மாமாவின் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவைப் பிரித்து உள்ளே இருந்த ஃபில்டரை எடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக் கடையில் வாங்கிய ஒற்றை லென்ஸைக் கருப்புச் சார்ட் தாளில் சுருட்டி மாட்டி, வேப்பமரம் வெள்ளையாகவும் வானம் கருப்பாகவும் தெரிகிற மங்கலான படங்களாக எடுத்துத் தள்ளுகிறாள், இதைத் தடுக்கவா, இல்லை போட்டோகிராபி படிப்பிலேயே சேர்த்துவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அவள் செய்வது ஒளியியல். எந்தப் பக்கம் போவாள் என்பதை அவள் எதில் நேரம் செலவழிக்கிறாள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் அந்தப் படங்களில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் அவளோடு பேச உதவும். கேமரா சென்சார் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் கிட்டத்தட்ட 1,100 நானோமீட்டர் அலைநீளம் வரை பார்க்கும். சாதாரணப் படம் கெட்டுவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் முன்னால் ஒரு ஃபில்டர் வைத்து அதைத் தடுத்துவிடுகிறார்கள். அதை எடுத்துவிட்டு, 720 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை மறிக்கிற ஒரு கருஞ்சிவப்பு ஃபில்டரை லென்ஸ் முன் வைத்தால் அகச்சிவப்புதான் பதிவாகும். பச்சையம் அந்த ஒளியை உறிஞ்சாது. இலைக்குள் இருக்கிற செல் சுவர்களிலும் காற்றிடைவெளிகளிலும் பட்டுச் சிதறி அப்படியே வெளியே வந்துவிடும், அதனால்தான் மரம் பனி பெய்தது போல வெளுத்திருக்கிறது. ராபர்ட் உட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910-இல் இப்படிப்பட்ட நிலக்காட்சிகளை வெளியிட்டார். இலை வெளுப்பதற்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

மங்கல் எங்கிருந்து வருகிறது? லென்ஸின் ஓரத்தில் நுழைகிற கதிர் நடுவில் நுழைவதைவிடக் கூடுதலாக வளைந்து முன்னாலேயே குவிந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். பிளஸ் 10 பவர் லென்ஸ் என்றால் குவியத் தூரம் 10 சென்டிமீட்டர். அதன் முன் 12 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட அட்டையை வைத்தால் ஓரக்கதிர்கள் மறைந்து படம் ஓரளவு தெளிந்துவிடும், அட்டையை எடுத்துவிட்டால் உருவத்தின் மேல் ஒரு வெளிச்சப் புகை படர்ந்துவிடும். உங்கள் மகள் ஒரே செம்பருத்திச் செடியை நான்கு அளவு ஓட்டைகளில் எடுத்து வரிசையாக அனுப்பியிருக்கிறாளே, அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பெண்மேல் நம்பிக்கை வந்தது. அழகுக்காக மட்டும் எடுப்பவர்கள் நான்காவது படத்தை எடுக்க மாட்டார்கள்.

புற ஊதாப் பக்கம் போனால் அவளுடைய ஒற்றை லென்ஸுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. விலை உயர்ந்த கேமரா லென்ஸில் பத்துப் பதினைந்து கண்ணாடிகள், பூச்சுகள், பசை எல்லாம் சேர்ந்து புற ஊதாவை விழுங்கிவிடும். பூச்சில்லாத மெல்லிய ஒற்றைக் கண்ணாடி 350 நானோமீட்டர் பக்கம் வரை பரவாயில்லாமல் விடும். ஆனால் பிளாஸ்டிக் லென்ஸ் சரிவராது, கடையில் பழைய வகைக் கண்ணாடி லென்ஸாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். புற ஊதாவில் சூரியகாந்தியை எடுத்தால் நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரிகிற இதழின் அடிப்பகுதி கருத்து வளையமாகத் தெரியும், தேனீக்கு வழிகாட்டுகிற அடையாளம் அது.

சரி, வேலைக்கு வருவோம். இந்த வகைப் படங்களை விற்றே குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர்தான், அதை நம்பித் தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் இதே அறிவுக்குச் சம்பளம் கொடுக்கிற இடங்கள் நிறைய உண்டு. 1970 வாக்கில் கேரளத்தில் தென்னை வேர் வாடல் நோயைக் கண்டுபிடிக்க, பி.ஆர். பிஷரோட்டி என்ற இயற்பியலாளர் தலைமையில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு ஃபிலிமில் தோப்புகளைப் படம் எடுத்தார்கள். தூரத்தில் இருந்தே நிலத்தைப் படம் எடுத்து ஆராய்கிற தொலையுணர்வுத் துறை இந்தியாவில் அங்கிருந்துதான் தொடங்கியது. நோயுற்ற இலை அகச்சிவப்பைக் குறைவாகத் திருப்பி அனுப்பும், உங்கள் மகளின் வெள்ளை வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிற அதே சங்கதி. இன்று செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பயிர் நிலவரம் கணிக்கிறவர்கள் சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுத்தான் கணிக்கிறார்கள். அவள் இலை ஏன் இப்படி இருக்கிறது என்று தோண்டித் தோண்டிக் கேட்கிறவள் என்றால் கிண்டி பொறியியல் கல்லூரியின் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (இப்படிப்பட்ட நிலப்படத் தகவல்களைக் கையாளும் படிப்பு) பற்றி விசாரித்து வையுங்கள்.

லென்ஸையும் ஓட்டையையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் அவள் நேரம் போகிறது என்றால் (எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது) இயற்பியல்தான். நல்ல அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் போதும், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. ஃபோட்டானிக்ஸ் (ஒளித் தொழில்நுட்பப் படிப்பு) இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும், அவளுக்கே ஆசை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். 2015-இல் இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட் என்ற வானியல் செயற்கைக்கோளில் இருக்கிற புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கியதில் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. அந்த மாதிரி இடங்களுக்கு இயற்பியல் படித்தவர்கள்தான் போகிறார்கள். படமாக்குவதே அவள் உயிர் என்று தெரிந்தால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு இருக்கிறது. எந்த வழியானாலும் கணக்கை மட்டும் இப்போது விட வேண்டாம். அப்புறம் பிளஸ் டூவில் கதிர் ஒளியியல் பாடம் வரும்போது பாருங்கள், அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்காது.

மூன்று விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஃபிளாஷ் உள்ள கேமராவுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் சுமார் 300 வோல்ட் வைத்திருக்கும், பெரியவர் துணையில்லாமல் இனி அதைப் பிரிக்கக் கூடாது. அந்தக் கருஞ்சிவப்பு ஃபில்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. இருட்டாகத் தெரிவதால் கண் கூசாது, ஆனால் அகச்சிவப்பு உள்ளே போய் விழித்திரையைச் சுட்டுவிடும். கிருமி நீக்கும் புற ஊதா விளக்கும் வேண்டவே வேண்டாம், வெயிலே போதும்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் பவர், ஓட்டை அளவு, எந்த ஃபில்டர், எத்தனை மணி என்று எழுதட்டும். அரையாண்டு விடுமுறையில் அந்த நோட்டோடு பக்கத்துக் கல்லூரி இயற்பியல் துறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஆசிரியரிடம் காட்டுங்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்துகொள்ளுங்கள், அவளே பேசட்டும். அவர் என்ன கேட்டார், இவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், கல்லூரிப் பட்டியலை அதற்குப் பிறகு சேர்ந்து போடலாம்.