சர்ச்சில் சொன்ன 'புதிய உலகம்' எது?

அமெரிக்காதான். இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் 1940 ஜூன் 4இல் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையின் கடைசியில் வரும் 'புதிய உலகம்' போருக்குப் பிந்தைய பொற்காலமா என்று கேட்டிருந்தீர்கள்; அது அன்று. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. 1941 டிசம்பரில்தான் இறங்கியது.

'ஒருபோதும் சரணடைய மாட்டோம்' என்பதோடு மேற்கோளை வெட்டிவிடும் பிரதியைப் படித்திருப்பீர்கள். வாக்கியம் அங்கே முடியவில்லை. இந்தத் தீவே வீழ்ந்தாலும் கடல்கடந்த பேரரசு போராடும், புதிய உலகம் பழையதை மீட்க வரும் வரை என்று நீள்கிறது. 'பழையது' வரும் இடத்தில் ஐரோப்பாவை வைத்துப் படித்துப் பாருங்கள், பொருந்தும். வீரமுழக்கத்துக்குள் ஓர் உதவி விண்ணப்பம்! உரையிலேயே கெட்டிக்காரத்தனமான இடம் இதுதான் என்பேன்.

இணையத்தில் கிடைக்கும் இந்த உரையின் ஒலிப்பதிவு அன்றைக்கே எடுத்ததல்ல, 1949இல் செய்யப்பட்டது. அதனால் 1940இல் அவர் எப்படிப் பேசினார் என்பதற்கு அதிலுள்ள குரலின் ஏற்ற இறக்கத்தைச் சான்றாகக் காட்டிவிடாதீர்கள்.